அக்கா கட்டிய வரி

ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பில் போடுவது என் வேலை. வீடு பக்கத்துக் கிராமத்தில். எதிர்வீட்டு அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் சாயந்திரம் மளிகைப் பையோடு டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

“இன்னாக்கா ஆச்சு?”

“நம்ம தெருவுக்குக் கால்வா வேணும்னு பேசிகினு இருந்தேம்மா. பேங்க்ல வேல செய்றாரே, அவரு சொல்றாரு, ‘நாங்க கட்ற வரியிலதான் உங்களுக்குக் கூலியே வருது, இதுல கால்வா வேறயா’ன்னு. அத்தினி பேர் எதிர்ல!”

அவர் பையில் சூப்பர் மார்க்கெட் பில் இருந்தது. எடுத்துக் கீழ்ப்பகுதியைக் காட்டினேன்.

“பாருங்க, சோப்புக்கும் பேஸ்டுக்கும் நீங்க கட்டின ஜிஎஸ்டி. பாதி டில்லிக்குப் போவுது, பாதி நம்ம மாநிலத்துக்கு. போன் ரீசார்ஜ்லயும் இருக்குது.”

“நானா? டில்லிக்கா?” பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். இறங்கும்வரை பில்லைப் பைக்குள் வைக்கவில்லை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கை நிறைய பில்களோடு எழுந்து நின்றார்.

“நானும் டில்லிக்கு வரி கட்றவ. அங்கேர்ந்து நம்ம ஊருக்கு எவ்ளோ வந்துது, எதுக்கு செலவாச்சு, படிச்சிக் காட்டுங்க.”

கூட்டம் சிரித்தது. ஊராட்சிச் செயலர் சிரிக்கவில்லை. பைலைப் பிரித்துப் படித்தார். குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக் கழிப்பறை. மத்திய அரசு தரும் மானியத்தில் ஒரு பங்கைத் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்கலாம் என்றார். அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“கழிவுநீர்க் கால்வா அதுல வருமா?” என்று அக்கா கேட்டார்.

“வரும்ங்க. தீர்மானம் போட்டாதான் அனுப்ப முடியும்.”

“அப்ப ஜல்தியா போடுங்க!”

கைகள் உயர்ந்தன. கடைசி வரிசையில் பேங்க்காரரும் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். அவர் வீடும் எங்கள் தெருவில்தான்.

அனுமதி வர மாதங்கள் ஆயின. வேலை தொடங்கியதும் அக்கா தினமும் குடையோடு போய் நின்றார். கலவையில் மணல் அதிகம் என்று சத்தம் போட்டார்.

மேஸ்திரி கேட்டார்: “நீங்க இன்னா, இன்ஜினியருங்களா?”

“நான்தாம்பா முதலாளி. துட்டு என்னுது. ஒழுங்கா பூசு.”

மேஸ்திரி சிரித்துவிட்டு, இன்னொரு சட்டி சிமெண்டு கொட்டச் சொன்னார்.

கால்வாய் முடிந்த வாரமே பெருமழை. வழக்கமாக முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் தெரு அது. அன்று ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடும் தண்ணீரோடு கூடவே தெருக்கோடி வரை நடந்தார். நானும் நனைந்துகொண்டே பின்னால் போனேன்.