அக்காவுக்குக் கொடுத்த நிலவேம்பு

மழைக்காலத்தில் எங்கள் பங்கு இளைஞர் குழு, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் கொடுக்கும். கப் நீட்டுவது என் வேலை. தரமணியில் ஆராய்ச்சி மாணவன் அல்லவா, சும்மா நீட்ட மாட்டேன். "எதிர்ப்பு சக்தி ஏறும் ஆன்ட்டி" என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் உண்டு.

மந்தைவெளி வீட்டில் அக்கா இருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவின் சிறுநீரகம் ஒன்றை அவளுக்கு வைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் யாராவது தும்மினாலே எனக்குப் பயம். மீந்த குடிநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோனேன்.

"இன்னாடா இது, பாவப் பரிகாரமா?"

"கண்ண மூடிக்கினு குடிக்கா. உனக்குத்தான் ரொம்பத் தேவை."

அடுத்த மூன்று நாளும் நானே பொடி வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஆய்வகத்தில் எங்கள் வேலையும் அதே செடிதான். எதிர்ப்பு அணுக்கள்மேல் அதன் சாற்றை விட்டுப் பார்ப்போம். வியாழக்கிழமை ஒரு தட்டில் அணுக்கள் கிளர்ந்து எழுந்தன, அடுத்த தட்டில் அடங்கிப் போயின. உடன் வேலை செய்பவன் சிரித்தான்.

"மச்சி, உன் கஷாயம் எந்தக் கட்சின்னே தெரியலயே!"

"எங்க அக்காவ கேளு. தெனம் குடிக்குது."

அவன் சிரிப்பு நின்றது. "கிட்னி மாத்துனாங்களே, அந்த அக்காவா?"

கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவள் உடம்பு அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியனாக நினைத்துத் தாக்கிவிடக் கூடாது என்றுதான், எதிர்ப்பு சக்தியைத் தணிக்க இரண்டு வேளையும் மாத்திரை போடுகிறாள். மருந்துக்கடையில் அதை வாங்கி வருபவனே நான்தான். அப்புறம் எப்படி? எதிர்ப்பு சக்தி என்ற சொல்லைக் கேட்டாலே நல்லது என்று என் மண்டை முடிவு கட்டியிருந்ததா?

"குடிக்காத, கீழ ஊத்து" என்று போனில் கத்தினேன்.

"முடிவு பண்ணிட்டுச் சொல்றா, விஞ்ஞானி."

மறுநாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சுணங்கினால் ஏறும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. கஷாயத்தை அடியோடு நிறுத்தச் சொல்லி, ஒரு மாத்திரையின் அளவையும் மாற்றினார். அடுத்த வாரம் இறங்கிவிட்டது. எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாதுப்பா. நீங்கதானே ஆராய்ச்சி பண்றீங்க?"

அம்மா பிளாஸ்கைக் கழுவிப் பரணில் ஏற்றினாள்.

ஞாயிறன்று மறுபடி அண்டா. முதல் ஆளாக வந்த ஆன்ட்டி கை நீட்டினார்.

"நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஆன்ட்டி? ஆபரேஷன் எதாவது?"

அவர் யோசிக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. அதிலிருந்து ஒருவர் கத்தினார்.

"தம்பி, கப்ப குடு! கேள்வியெல்லாம் சாமியார் கேட்டுக்குவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கப்பை நீட்டவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.