நல்ல படகைப் பழுதென்று சொன்னேன்

நாங்கள் படகு வாங்கிவிட்டோம் என்று கேள்விப்பட்டுக் கனடாவிலிருந்து என் மச்சாள் போன் எடுத்தாள். "உள்ளுக்குப் படுக்கிற அறை எல்லாம் இருக்கோ?" என்று கேட்டாள். அவள் இருக்கிற ஊரின் ஏரிக்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பாய்மரப் படகுகள் நிற்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வெயில் காய்வதற்காக அதில் போவார்களாம். "வெயிலுக்கு இஞ்சை குறைவில்லையடி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எங்கள் படகு பதினெட்டு அடி, மீன் பிடிக்கிற பைபர் படகு. அதை வாங்கப் போன இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். என் அப்பா பல வருடங்கள் அடுத்தவர் படகில் போய்வந்தார். அப்போதெல்லாம் வீட்டில் பயமில்லை. அடுத்தவர் படகில் போகிறவன், படகுக்காரன் திரும்புவோம் என்றால் திரும்புவான். பிறகு அப்பா சொந்தமாக ஒன்று வாங்கினார். சொந்தப் படகுக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் ஒரு வலை விடுவோம் என்று தோன்றும். வாங்கிய இரண்டாவது வருடம், வாடைக்காற்று தொடங்கிய ஒரு நாள், அப்பா வரவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. அது போர்க்காலம், ஊரில் எல்லோரும் வேறு மாதிரித்தான் நினைத்தார்கள். ஆனால் அப்பாவைக் கொண்டுபோனது காற்றுத்தான். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மற்றவர்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த, அம்மா கடற்கரை மணலில் குத்திக் கொளுத்துவா. ஒரு வருடமும் அது முழுதாக எரிந்ததில்லை.

பிறகு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வயல் செய்கிறவர், சைவக்காரர். வேதம் மாறிய கல்யாணம் என்று சாதிசனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். "வயல் தண்ணி முழங்காலுக்கு மேலை வராது" என்றா. அதற்காகவே நானும் சம்மதித்தேன் என்று சொன்னால் என் மனுசன் கோபிப்பார், ஆனால் அது உண்மை.

அந்த வயல்தான் எங்களைக் கைவிட்டது. ஒரு போகம் உரமில்லாமல் போனது. அடுத்த போகம் வெட்டுகிற நேரத்தில் வெள்ளம். நாங்கள் நாயாற்றுக்கு அப்பால் அம்மாவின் காணிக்கு வந்தோம். இவர் பக்கத்து வீட்டுக்காரரின் படகில் இரண்டு வருடம் போய்த் தொழில் பழகினார். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காற்றை முகர்ந்து பார்த்தே திரும்புகிற ஆள். ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கையில் இவர், "நாங்களும் சொந்தமா ஒண்டு பாப்பமே?" என்று கேட்டபோது நான் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டேன்.

வேண்டாம் என்று சண்டை பிடித்தால் இவர் கேட்கமாட்டார். பிடித்தால் பிடித்த பிடி. அதனால் நான் வேறு வழி பார்த்தேன். "வாங்கிறதெண்டால் நானும் வந்து பாக்கோணும்" என்றேன். இவருக்குச் சரியான சந்தோஷம். கடற்கரைப் பிள்ளை பார்த்துச் சொன்னால் பிழை வராது என்று நம்பினார்.

முதல் படகு நாயாற்றுக் கரையில், கண் பார்வை குறைந்து தொழிலை விட்ட ஒரு பெரியவரின் வளவில் கவிழ்ந்து கிடந்தது. பூச்சு வெளிறி, மணலில் இழுத்த கீறல்களோடு பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. இவர் ட்ரக்டர் வாங்க வந்தவர் போலச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் குனிந்து, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை மடக்கிய விரல் மொளியால் தட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் ஊறிய இடம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஓரிடத்தில்கூட அப்படி வரவில்லை. எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை நகத்தால் அழுத்தினேன். கல்லுப் போல இருந்தது. அவ்வளவு நல்ல படகை நான் பிறகும் கண்டதில்லை.

நிமிர்ந்து, "பின்பலகை ஊறிப்போச்சு. ஒரு வாடைக்குத் தாங்காது" என்றேன்.

பெரியவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் என் முகம் இருந்த பக்கம் திரும்பினார். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தங்கச்சி" என்றார். நான் குடிக்கவில்லை. அந்த ஞாயிறு பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்க எழும்பாமல் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஆனாலும் வெட்கத்தை விட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஒரு படகு போய்த் தொலைந்தது என்றே நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து இவர் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வியாபாரியின் கொட்டிலில் நின்றது. புத்தம் புது நீலப் பூச்சு, வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. தட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் சத்தம் செத்துக் கிடந்தது. பின்பலகையில் நகம் பதிந்தது. ஆணி இருந்த ஓட்டையை அழுத்த, ஒரு துளி தண்ணீர் வந்து நின்றது. கடலில் எஞ்சினோடு கழன்று போகிற பலகை அது.

இவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "இஞ்சாருங்கோ, இது வேண்டாம். பின்பலகை ஊறியிருக்கு" என்றேன்.

இவர் என்னை நேராகப் பார்த்தார். "அண்டைக்கும் பின்பலகை எண்டனீ. இண்டைக்கும் பின்பலகை. உனக்கு எந்தப் படகும் பிடிக்காது. அதைச் சொல்லன்."

"சத்தியமா இது பழுது."

"அப்ப அது?"

இவர் வியாபாரியிடம் போய், நாளைக்கு வந்து எடுக்கிறேன் என்று கை கொடுத்துவிட்டு வந்தார்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வருகிற வழியெல்லாம் மனம் என்னைக் கொன்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் அந்த நீலப் படகில் போவார். வாயைத் திறந்தால் மற்றப் படகில் போவார். இரண்டிலும் கடலுக்குத்தான் போவார். இவரைக் கடலுக்கு விடாமல் வைத்திருக்கிற வழி ஒன்றும் என் கையில் மிச்சமில்லை என்று அந்த றோட்டில்தான் எனக்கு விளங்கியது. நாயாற்றுப் பாலத்தடியில் தோளில் தட்டி நிறுத்தச் சொன்னேன்.

"முதல் பாத்த படகு நல்லது" என்றேன். "நான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

"நீங்கள் போகக்கூடாதெண்டு."

இவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். பாலத்துச் சுவரில் இருந்துகொண்டு, கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "அப்பான்ரை படகும் பழுதோ?" என்று கேட்டார். கல்யாணம் கட்டிய இத்தனை வருடத்தில் இவர் என் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

"இல்லை" என்றேன். "நல்ல படகு. ஒரு கீறல் இல்லாமல் மூண்டாம் நாள் கரைக்கு வந்தது. அது மட்டும்தான் வந்தது."

சொல்லிவிட்டு அழுதேன். பாலத்தில் போன வான்காரர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். இவர் என் கையைப் பிடித்தார், றோட்டில் நின்று கையைப் பிடிக்கிற ஆள் இல்லை இவர். "வேண்டாமெண்டு சொல்லு, நான் விடுறன்" என்றார். "ஆனால் பிறகு என்ன செய்யிறது எண்டும் நீயே சொல்லு."

வயல் கைவிட்டபின் இவருக்கு வேறு தொழில் தெரியாது. பாலத்திலிருந்து பார்த்தால் பெரியவரின் வளவுப் பனைகள் தெரிந்தன. "வாங்கோ, அவரிட்டைப் போவம்" என்றேன்.

பெரியவர் என் குரலிலேயே ஆளைக் கண்டுகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் தட்டினதைக் கேக்கவே படகு தெரிஞ்ச ஆள் எண்டு விளங்கினது" என்றார். "தெரிஞ்ச ஆள் நல்லதைப் பழுதெண்டால், கடலுக்கு ஆரையோ குடுத்திருக்க வேணும். அதுதான் பேசாமல் விட்டனான்."

"எங்களுக்காகவோ விக்காமல் வைச்சிருந்தனீங்கள்?" என்று இவர் கேட்டார்.

"இல்லைத் தம்பி. வேறை ஆரும் வரேல்லை."

நானும் சிரித்துவிட்டேன். இந்த முறை தேத்தண்ணீர் குடித்தோம்.

படகை வாங்கியதும் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் போன பிறகு இவர் அணியத்தில் திருநீறு பூசித் தேங்காய் உடைத்தார். இரண்டு பக்கத்தையும் கேட்டு வைப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. முதல் நாள் விடியப் படகைத் தள்ளும்போது, கூட வந்தவர்களுக்கு முன்னால் இவர் என்னைப் பார்த்து, "என்ன, படகு எப்பிடி?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல படகு" என்றேன். என் வாயாலேயே சொல்லி அனுப்பினேன்.

அப்பா போன பிறகு நான் ஒருவருக்காகவும் அந்த மணலில் காத்து நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன். வெயில் ஏறி மணல் சுடத் தொடங்கிய நேரம் தூரத்தில் படகு தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண், "அந்தா, உங்கடை படகு வருது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். நான் அசையவில்லை. படகு வருவதை நான் முன்பும் கண்டிருக்கிறேன். அதற்குள் ஆள் நிற்பது கண்ணுக்குத் தெரியும்வரை, கையை நெற்றியில் வைத்தபடி அப்படியே நின்றேன்.