பாறையில் முளைத்த உலிகினோசா

மலையம்மாளுக்கு லத்தீன் தெரியும் என்று சொன்னால் காரைக்குடியில் யாரும் நம்ப மாட்டார்கள். கல்லூரித் தாவரவியல் துறையில் இருபத்திரண்டு வருடமாகச் செடிகளை நாளிதழுக்குள் வைத்து அழுத்தி, காய்ந்ததும் அட்டையில் ஒட்டி, பெயர்ச்சீட்டு எழுதுகிற உதவியாளர் அவள். எழுதி எழுதியே அந்தப் பெயர்களின் பொருளும் பிடிபட்டுவிட்டது.

காளையார்கோவில் பக்கம் ஒரு செம்பாறைப் பொட்டலில் விரல் நீளச் செடி ஒன்றைக் கண்டுபிடித்தது அவள்தான். அதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் ஏறாத செடி. வாடாமலிருக்க ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ‘பாறை மேல்’ என்று சீட்டும் எழுதியிருந்தாள். பேராசிரியர் தண்டாயுதபாணி சீட்டைப் படிக்கவில்லை. நனைந்த சாக்கையும் வேரில் ஒட்டிய சேற்றையும் பார்த்து, கண்மாய்ச் செடி என்று அவராகவே முடிவு கட்டினார். உலிகினோசா என்று பெயரும் வைத்தார்.

அபூர்வமான சொல்தான். உலிகோ என்றால் நிலத்தில் ஊறிக் கிடக்கும் ஈரம். அதோடு ‘நிறைந்தது’ என்னும் விகுதி சேர்ந்திருக்கிறது. செடியின் பேரினப் பெயர் பெண்பால், அதனால் முடிவில் ஓசா, ஆண்பாலென்றால் ஓசுஸ். இலக்கணத்தில் ஒரு குறையுமில்லை, விஷயம்தான் பொய். அச்சுக்குப் போகுமுன், அது பாறைச் செடி என்று அவள் இரண்டு முறை சொன்னாள். பசை வேலையைப் பார்த்தால் போதும் என்றார் அவர். அச்சேறிய பெயரை, பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. தாவரப் பெயர்களுக்கு அப்படித்தான் விதி.

மறுவருடம் அந்தப் பொட்டலில் கிராவல் அள்ள மனு வந்தது. அங்கே அபூர்வச் செடி இருக்கிறதென்று மலையம்மாள் எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் பேராசிரியரிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு தடவை வந்து பாருங்கள் என்று அவரிடம் கெஞ்சினாள். வந்தால் தன் தப்பு வெளியே தெரியுமே! ஈரநிலச் செடி வறண்ட பாறையில் முளைக்காது என்று கையெழுத்துப் போட்டார். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது? ஜேசிபி நாலே நாளில் பொட்டலை வழித்தெடுத்துவிட்டது.

அடுத்த மாதம் அந்தச் செடிக்காக அவருக்குப் பாராட்டு விழா. மேடையில் காட்ட உயிருள்ள செடி வேண்டும், கண்மாயில் பிடுங்கி வா என்று மாணவர்கள் முன்னால் மலையம்மாளை ஏவினார். அவள் கைப்பசையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க பேரு வச்ச எடத்துல போயித் தேடிக்கிருங்க சார். நான் எடுத்த எடத்துல இப்ப பள்ளந்தேன் கெடக்கு.”