போகிக் குவியலில் ஒரு கம்ப்யூட்டர்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. கூலிமில், வரிசை வீடுகள் நிறைந்த எங்கள் தாமான் குடியிருப்பில், அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அவர் கொட்டாவி விட்டால்கூட இந்தப் பக்கம் கேட்கும்.

எண்பதுகளின் பின்பாதி. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரிகள் வைத்திருந்த அவர், பினாங்குக்குப் போய் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். வண்ணத்திரை. அது வந்த அட்டைப்பெட்டியை எறியாமல், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலிலேயே வைத்திருந்தார். பச்சை எழுத்துத் திரை கொண்ட பழையதில் ஒரு கோளாறும் இல்லை.

என் மனைவி வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பவள். அவளுக்கு வேலை தந்துவந்த வக்கீல் அலுவலகம் கம்ப்யூட்டருக்கு மாறியது. பொங்கலுக்குப் பிறகு அதில் அடித்துக் கொடுப்பவருக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க எங்களால் முடியாது. பழையதை விலைக்கே கொடுக்கும்படி அண்ணனிடம் கேட்டாள்.

“பழசக் குடுத்தா வீட்டு லச்சுமி கூடவே போயிடும், தங்கச்சி. போகியில போட்டுக் கொளுத்தப்போறேன்.”

“நல்லா ஓடுற மிசினு அண்ணே.”

“அதான் சொல்றேன். ரோசாக் ஆகி ஓடாமக் கெடந்தா, நீயே தூக்கிட்டுப் போன்னு சொல்லியிருப்பேன் லா.”

திரைக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய் தீயில் வெடிக்கும், பிளாஸ்டிக் புகை இரண்டு வீட்டுக்குள்ளும் புகும் என்று நான் சொன்னேன்.

“எஸ்டேட் ஆபீஸ்ல பேனா புடிக்கிறவருக்கு இதெல்லாம் எதுக்கு மாப்ள? சன்னல சாத்திட்டுப் படுங்க.”

போகி விடியலில் சாக்கடையோரம் குவியல் தயாராக இருந்தது. அடியில் கிழிந்த பாய்கள், அதன்மேல் லாரி டயர், எல்லாவற்றுக்கும் உச்சியில், ஊர்வலத்துக்கு ஏற்றி வைத்ததுபோல், அந்தக் கம்ப்யூட்டர். அவர் கையில் மண்ணெண்ணெய் டின். அக்கம்பக்கத்தார் வேலியோரம் நின்றார்கள். என் மனைவி தலையைக்கூட வாரி முடியாமல் நேராகக் குவியலிடம் போனாள்.

“தொட்டுட்டீன்னா என் வாசப்படி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்.”

“ஏறி என்னத்தக் கண்டேன்?”

திரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அவருடைய வாசலைக் கைகாட்டினாள்.

“எரிக்கச் சாமான் பத்தலன்னா அந்த அட்டப்பெட்டி இருக்கே, அதப் போடுங்க அண்ணே. ஊரே பாத்து முடிச்சிருச்சு.”

வேலியோரம் சிரிப்பு கிளம்பியது. குவியலில் மிச்சமிருந்த மிஷின் பெட்டியையும் விசைப்பலகையையும் நான் எடுத்துக்கொண்டேன். அவரது முகம் போன போக்கே எனக்குப் போதுமாயிருந்தது. அவர் டயரைக் கொளுத்தினார். அன்று காற்று அவர் வீட்டுப் பக்கம் அடித்தது.

அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை, நாங்களும் அனுப்பவில்லை. வேலை அவளிடமே நின்றது. பல ஆண்டுகள் உழைத்தபின் அந்த மிஷின் நின்றுபோனபோது, பட்டர்வொர்த்தில் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் உதிரிப்பாகங்களுக்காகக் கொடுத்தோம். ஒரு திருகாணியைக்கூட நாங்கள் எரிக்கவில்லை.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்த காலையில், மேசையைச் சன்னலோரம் போட்டேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாள்.

“விசைச் சத்தம் அந்தப் பக்கம் கேட்குமே,” என்றேன்.

“கேக்கட்டும்,” என்று சொல்லி உட்கார்ந்தாள்.