இடது காலின் வேலை

இடது கால் மறுபடியும் முந்திக்கொண்டது. கிளட்ச் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. அதை அடிவரை மிதித்துவிட்டது. பன்னிரண்டு சக்கர லாரி மூக்குக் குப்புறக் குனிந்து நிமிர்ந்தது. பின்னால் சங்கிலி போட்டிருந்த கான்கிரீட் கட்டைகள் ஒருமுறை முனகின. பெல்ட் பிடித்து இழுத்திராவிட்டால் பக்கத்து இருக்கைப் பரிசோதகரின் நெற்றி கண்ணாடியில் மோதியிருக்கும்.

"கிளட்ச் எங்க இருக்கு?" என்றார் பரிசோதகர்.

"இல்ல சார்."

"அப்ப எதை மிதிச்சீங்க?"

டிரைவர் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் மிதிக்கவில்லை, கால் மிதித்தது. இதை எப்படிச் சொல்வது?

"இது ரெண்டாவது தடவை. மூணு மணிக்கு ஒரு தடவை பார்ப்போம். அதுதான் கடைசி. ரோட்ல பின்னாடி ஒரு வண்டி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வேண்டாம். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு அது தெரியும்.

லாரி ஷெட்டில் அவருக்குப் பஞ்சு என்று பேர். முழுச் சுமையோடு மேடு ஏறும்போது அவர் கியர் மாற்றினால் பக்கத்தில் தூங்குகிறவன் விழிக்க மாட்டான். இன்ஜினுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும், அது வாய்விட்டுக் கேட்பதற்குள் இடது கால் இறங்கியிருக்கும், கை கியரைத் தள்ளியிருக்கும். இதில் அவர் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை. போன மாதம் கம்பெனி கியர் வண்டிகளை மொத்தமாகத் தள்ளிவிட்டு, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளை இறக்கியது. பரிசோதனையில் தேறாதவருக்கு இனி வண்டி கிடையாது.

செய்தி வந்த அன்று சந்தோஷப்பட்டது அவர் மனைவிதான். கிளட்ச் மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினால் அறுவைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்க காலுக்கு விடிவு காலம் வந்துடுச்சுங்க" என்று அவள் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மத்தியானம் ஷெட்டின் பின்பக்க நிழலில் மைத்துனன் வந்து உட்கார்ந்தான். மனைவியின் தம்பி. அவனும் டிரைவர்தான். முதல் தடவையிலேயே தேறிவிட்டவன்.

"மாமா, உங்க காலுக்கு இன்னிக்கு லீவு குடுத்துடுங்க."

"அது என் பேச்சை எப்படா கேட்டுச்சு? உங்க அக்கா பேச்சைத்தான் கேட்கும்."

"அப்ப அக்காவைக் கூட்டிட்டு வந்து கால் மேல உட்கார வெச்சுடலாம்."

"வண்டி தாங்கும் மாப்ளே. நான் தாங்க மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் மைத்துனன் குரலைத் தாழ்த்தி, "மடக்கிப் பின்னாடி தள்ளி வெச்சுக்கங்க மாமா. அவ்வளவுதான்" என்றான்.

காலையில் அவர் அப்படித்தான் வைத்திருந்தார்.

மூன்று மணிக்குக் கால் மணி நேரம் முன்பே அவர் வண்டியில் ஏறினார். தார்ப்பாய் கட்டும் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து இடது கணுக்காலைச் சுற்றி, இருக்கைக்கு அடியில் இருந்த இரும்போடு சேர்த்துக் கட்டினார். தார்ப்பாய்க்குப் போடும் அதே முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். பேன்ட்டை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு முறை இன்ஜின் சத்தம் மாறியபோதும் கால் துள்ளியது, கயிறு தோலில் ஏறியது. பதினொரு முறை. வளைவில், மேட்டில், ரிவர்ஸில் ஒரு குலுக்கல் இல்லை. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாருங்க, வந்துடுச்சு! இவ்வளவுதான் விஷயம்" என்று பரிசோதகர் தாளில் குறி போட்டார். "இறங்கி டயரை மட்டும் ஒரு தட்டு தட்டிக் காட்டுங்க. முடிஞ்சுது."

ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது சட்டென்று எழுந்து போயிற்று. வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தார். கதவைத் திறந்தார். எப்போதும் போல வலது காலைப் படியில் ஊன்றி உடம்பை வெளியே விட்டார்.

கயிறு ஞாபகத்தில் இல்லை.

தலை கீழே போயிற்று. கைகள் தரையில் ஊன்றின. இடது கால் மட்டும் வண்டிக்குள் இருந்தது. முழங்காலில் ஏதோ அவிழ்ந்தது போல் இருந்தது. பரிசோதகர் வண்டியைச் சுற்றி ஓடி வந்தார், கயிற்றைப் பார்த்தார்.

"கத்தி இருக்கா யார்கிட்டயாவது?"

மைத்துனன்தான் அறுத்துவிட்டான். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஷெட் வாசலில் ஐந்தாறு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"வண்டியில தீப்பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" பரிசோதகரின் குரலில் கோபம் இல்லை. போட்ட குறியை அடித்தார். "என்னால வேற எதுவும் எழுத முடியாதுங்க."

"தெரியும் சார்" என்றார் அவர், தரையில் உட்கார்ந்தபடியே.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் பஸ்ஸில் ஷெட்டுக்குப் போனார். கையுறை, இருட்டில் மின்னும் சட்டை, சாமான் பெட்டிச் சாவி மூன்றையும் ஆபீஸில் கொடுத்தார். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவருடைய வழியில் இனி மைத்துனன் போவான் என்று பலகையில் எழுதியிருந்தது. அவன் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தான். பத்தரை மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார். மனைவி வெந்நீரில் துணி முக்கி முழங்காலில் வைத்தாள். வீக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. கொண்டுபோன சாப்பாட்டைப் பதினொரு மணிக்கே பிரித்துச் சாப்பிட்டார். தெருவில் ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறிப் போயிற்று. மனைவி, கால் வலிக்குதா, ஏன் அசைக்கிறீங்க என்று கேட்டாள். வலிக்கவில்லை என்று சொன்னார்.