இருபத்திரண்டு நொடி

சிந்துவின் காதுக்குப் பத்து நொடிக்கு மேல் பொறுமை கிடையாது. பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு வருஷ வேலையில் ஒட்டிக்கொண்ட குணம்.

பெங்களூரில் ஒரு கால் சென்டரில் அவளுக்கு ஆடிட் வேலை. வாடிக்கையாளர்களோடு ஊழியர்கள் பேசிய அழைப்புகளின் பதிவை ஹெட்போனில் கேட்டு, ஊழியர்களுக்கு மார்க் போட வேண்டும். நடுவில் பத்து நொடிக்கு மேல் பேச்சு நின்றுபோனால் அதற்கு டெட் ஏர் என்று பேர். டெட் ஏர் வந்தால் அந்த அழைப்புக்கு சைபர், அப்பீலே கிடையாது. சிந்து கடிகாரம் பார்க்காமலே பதினோராவது நொடியைப் பிடித்துவிடுவாள். அவள் சீட்டைத் தாண்டும்போது பாதிப் பேர் நடையை எட்டிப் போடுவார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். நீலசந்திராவில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அவளும் அம்மா சொர்ணமும். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. சொர்ணம் சில நாள் காய் நறுக்கிக்கொண்டே, "அன்னைக்கு உங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்துவாள். "சொல்லும்மா, சொல்லு" என்று இவள் விரட்டுவாள். "ஒண்ணுமில்ல, விடு" என்று அவள் எழுந்து போய்விடுவாள். இப்படி எத்தனை தடவை என்று கணக்கே இல்லை.

அப்பா போன பிறகுதான் சிந்து லேப்டாப்பில் இசை செய்ய உட்கார்ந்தாள். ஹவுஸ் மியூசிக், அதிலும் ரொம்பச் சிக்கனமான வகை. சீரான ஒரு டிரம் அடி, அதற்கு மேல் பனி மூட்டம் மாதிரி இரண்டு மூன்று சத்தம், அவ்வளவுதான். பாடுகிறவர் கிடையாது, பல்லவி கிடையாது. தகரத்தில் விழும் மழை, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் கதவு மூடும்போது வரும் புஸ்ஸென்ற காற்று, இதையெல்லாம் போனில் பிடித்துவந்து சேர்த்தாள். மூன்று வருஷத்தில் ஏழு டிராக். அவளுடைய முதல் ஆல்பம். சொர்ணம் ஒரு டிராக்கை முழுசாகக் கேட்டுவிட்டு, "என்னாடி, எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

"முடிஞ்சே போச்சும்மா!"

ஆல்பத்தை வெளியிட டிரேவர் என்கிறவர் முன்வந்தார். சிவாஜிநகரில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்கு மேல் ஒரு ரூம், அதுதான் அவர் கம்பெனி. ஏழு டிராக்கையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"சத்தமெல்லாம் பிரமாதம் சிந்து. ஆனா கேக்கறவன் மூச்சு விட எடமே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லன்னா அடுத்த வருஷம்தான் பாக்க முடியும்."

இடமே இல்லையாமே! மொத்தமே நாலு சத்தம், அதில் எதைக் குறைப்பது? பஸ்ஸில் வீடு வரைக்கும் அந்த மனுஷனை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். வீட்டுக்கு வந்து, ஆபீஸ் பழக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு தன் ஆல்பத்துக்கே ஆடிட் பண்ண உட்கார்ந்தாள்.

தூக்கிவாரிப் போட்டது. சத்தம் அடங்குகிற ஒரு இடத்தில் எட்டாவது நொடியில் ஒரு மணி. இன்னொரு இடத்தில் ஒன்பதாவது நொடியில் ஒரு கைத்தட்டல். ஏழு டிராக்கிலும் ஒரு இடைவெளிகூடப் பத்தைத் தாண்டவில்லை. ஆபீஸ் ரூலைத் தன் இசைக்குள்ளும் தானே கொண்டுவந்து வைத்திருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

தெரிந்தால் மட்டும் கை கேட்குமா? மணியை அழித்தாள். வெறுமனே கிடந்த இடம் தப்பு தப்பு என்று காதில் குத்தியது. திரும்ப வைத்தாள். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் இப்படியே போயின. தனக்கு இசையே வராது என்று அழுகை வந்தது.

வியாழக்கிழமை மதியம் ஸ்னேஹா எடுத்த ஒரு அழைப்பு ஆடிட்டுக்கு வந்தது. ஸ்னேஹா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. யாரோ ஒரு வயசான அம்மா, போன் கனெக்‌ஷனைப் பேர் மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

"இப்ப சார் பேர்ல இருக்கும்மா. இனிமே யார் பேர்ல மாத்தணும்?"

பதில் இல்லை. ஐந்து நொடி. பத்து. பதினொன்று. சிந்துவின் விரல் சைபருக்குப் போய்விட்டது. ஸ்னேஹா "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை, பேசாமல் காத்திருந்தாள். இருபத்திரண்டாவது நொடியில் அந்த அம்மா மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "என் பேர்லதான்மா. வேற யாரு இருக்கா."

ஸ்னேஹா அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைத்தான் செய்திருந்தாள். எட்டு வருஷத்தில் இப்படி எத்தனை பேருக்கு சைபர் போட்டோம் என்று நினைத்ததும் சிந்துவுக்கு வெட்கமாகிவிட்டது. முழு மார்க் போட்டாள். "ரூல்படி இது உங்க பேர்ல ஒரு தப்புன்னு ஏறும்" என்றார் டீம் லீடர் நாகேஷ். ஏறட்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் நாலாவது டிராக்கைத் திறந்தாள். நடுவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இருபத்திரண்டு நொடி அப்படியே விட்டாள். இந்தத் தடவை கை திரும்பிப் போகவில்லை. ராத்திரியே டிரேவருக்கு அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் டிரேவர் போன் பண்ணினார். "முதல்ல ஃபைல் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. ஒண்ணும் தொடாதீங்க, இப்படியே போடறேன்."

ஆல்பம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிந்து அதை ஹாலில் ஓட விட்டாள். சொர்ணம் கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது டிராக்கில் அடி நின்றது. சொர்ணம் தலையைத் தூக்கி, "கரண்ட் போயிடுச்சா?" என்றாள். இல்லை என்று சிந்து தலையை ஆட்டினாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

சொர்ணம் கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு உங்கப்பா..." என்று நிறுத்தினாள்.

'சொல்லும்மா' என்பது சிந்துவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா போனதும் உனக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன். வாயில வார்த்தையே வரல. ஹலோ ஹலோன்னு ரெண்டு வாட்டி சொன்ன. அப்புறம் வெச்சிட்ட."

ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாரோ போன் பண்ணித்தான் சிந்துவுக்கு விஷயம் தெரியும். அதற்கு முன்னால் வந்த அழைப்பு அவளுக்கு ஞாபகமே இல்லை.

டும், டும் என்று அடி திரும்ப வந்தது. சிந்து எழுந்து அதை நிறுத்தினாள். அம்மா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சொர்ணம் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.