எங்கள் வானொலிக்கு வந்த அரசாங்க விளம்பரம்

வானொலி முதலாளி கண்ணாடிக்கு அப்பால் நின்று ஃபோன் லைனை வெட்டும்படி சைகை காட்டினார். நான் வெட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழமை நாட்களில் எனக்குத் தொழிற்சாலையில் மெஷின் வேலை. சனிக்கிழமை காலைகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய தமிழ் வானொலியில் அரசியல் நிகழ்ச்சி. அரசாங்கம் கடன்பட்டுச் செலவழிக்கிறது, வட்டியை நம் பிள்ளைகள்தான் கட்டப்போகிறார்கள், செலவை வெட்டி வரியைக் குறைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இன்றும் அதுதான்.

அன்று மாகாண அரசு செய்யும் வெட்டுகளை ஆதரித்துப் பேசினேன். "இலவச வகுப்பு, இலவச விழா எல்லாம் ஆரின்ர காசு? விடிய அஞ்சு மணிக்கு பஸ் பிடிக்கிற ஆளின்ர காசு!"

நகரின் மறுகோடியில் உள்ள ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"அண்ணை, நானும் அஞ்சு மணிக்கு பஸ் பிடிக்கிற ஆள்தான். பேக்கரியில வேலை. பின்னேர இங்கிலிஷ் கிளாஸை இந்த வெட்டிலதான் மூடிப்போட்டினம். இன்னும் ரெண்டு மாதம் படிச்சிருந்தா நர்ஸிங் ஹோம் வேலைக்குச் சோதினை எடுத்திருப்பன். வரியும் கூடுதலாக் கட்டியிருப்பன்."

"விளங்குது தங்கச்சி. ஆனா எல்லாரும் தங்கட கிளாஸை வெட்டாதேங்கோ எண்டா, எதை வெட்டுறது?"

"உங்கட நிகழ்ச்சிக்கு நடுவில அரசாங்கத்தின்ர சுகாதார விளம்பரம் போகுதே, அது ஆரின்ர காசு? முதல் அதை வெட்டச் சொல்லுங்கோவன்."

அப்போதுதான் முதலாளி சைகை காட்டினார். நிலையத்தின் வாடகையே அந்த விளம்பரத்தில்தான் ஓடியது. நான் மைக்கை நெருங்கினேன்.

"ஓம் தங்கச்சி, அரசாங்கக் காசுதான். என்ர சம்பளமும் அதுக்குள்ளதான் வருது. மற்ற ஆக்களுக்குச் சொல்லுற ஞாயம் எனக்கும்தான். அதையும் வெட்டத்தான் வேணும்."

"சரி அண்ணை, ஒளிக்காமல் சொன்னியள்" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி கத்தினார். "உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ? இனி வாடகையை நீர் கட்டுறீரோ?"

"நான் பொய் சொல்லேல்லையே."

"உண்மை சொல்லவோ உம்மை இருத்தி வைச்சிருக்கிறன்?"

அடுத்த கிழமை என் நிகழ்ச்சி அரை மணித்தியாலமாகச் சுருங்கியது. விளம்பரம் வேறு நிகழ்ச்சிக்குப் போனது, அதோடு என் சம்பளமும் நின்றது. இரண்டு வருடம் சும்மாதான் பேசினேன்.

அந்த வகுப்பு மீண்டும் திறக்கப்படவில்லை. அந்தப் பெண் அந்தப் பரீட்சையை எடுத்தாரா, தெரியாது. பதில் சொல்லித் தப்பும் அவசரத்தில் அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மைக்குக்கு முன்னால் இருக்கப்போகும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். செலவை வெட்டு என்று தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும், வேறொருவர் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.